வீட்டு வளவில் கிரிக்கெட் பயிற்சி வலை: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை வீட்டு வளவுகளிலும் ஒழுங்கை முனைக் காணிகளிலும் பயிற்சி வலை கட்டிக் கொடுப்பது என் தொழில். எங்கள் குடும்பம் மீன் வலைக் குடும்பம். நான் ஒருவன்தான் பந்து பிடிக்கும் வலைக்கு மாறியவன். தொலைபேசியில் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி நாக்குத் தேய்ந்துவிட்டதால் இதை எழுதி வைக்கிறேன். அளவுகளை அடியில் சொல்கிறேன். எங்கள் மேசன்மாரும் குழாய்க் கடைக்காரரும் அடியையும் அங்குலத்தையும் விட்டு இறங்கி வருவதாக இல்லை.

எங்கள் காணி பத்துப் பேர்ச். வலை கட்ட இடம் போதுமா?

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பத்துப் பேர்ச் என்றால் 2,722 சதுர அடியும் கொஞ்சமும். அதில் வீடு, கிணறு, மலசலகூடம், இரண்டு தென்னை எல்லாம் போக மிஞ்சுவது வீட்டின் ஒரு பக்கத்து நீள்பட்டிதான். ஆடுகளத்தின் நீளம் 22 யார், அதாவது 66 அடி. துடுப்பாடுபவருக்குப் பின்னால் சில அடிகளும் பந்துவீசுபவர் ஓடிவர இடமும் சேர்த்தால் 90 அடி வேண்டும். பத்துப் பேர்ச் காணியில் அது கிடைக்காது. கிடைக்காததற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை.

முழு நீளத்துக்கும் கூடு கட்டுவது வீண் செலவு. துடுப்பாடும் முனையில் 30 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரத்தில் ஒரு கூடு இருந்தால் பந்தின் பெரும்பாலான குறும்புகள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பந்துவீசுபவர் வெளியே திறந்த வெளியில் நிற்கலாம். மொத்த நீளம் 50 அடிதான் என்றால் வேகப்பந்துப் பயிற்சியை மறந்துவிட்டு, ஒருவர் கையால் எறிய மற்றவர் அடிக்கும் பயிற்சி செய்யுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு அதுவே தாராளம். அகலத்தைப் பத்து அடிக்குக் கீழே குறைக்க வேண்டாம். துடுப்பைச் சுழற்றும்போது பக்க வலையில் சிக்கும்.

அதற்கும் இடமில்லையா? மாமரக் கிளையில் பழைய காலுறைக்குள் பந்தைப் போட்டுத் தொங்கவிடுங்கள். அவுஸ்திரேலியாவின் துடுப்பாட்ட மேதை டொன் பிரட்மன் சிறுவனாக இருந்தபோது பௌரல் ஊரில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அடிக்கட்டில் கொல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு விக்கெட் தடியால் அடித்துப் பழகினார். அவர் வீட்டாருக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு வியப்பு.

பிள்ளை மென்பந்துதான் விளையாடுகிறான். அதற்கேற்ற மலிவான வலை போதாதா?

இன்றைக்குப் போதும். டெனிஸ் பந்து 56 முதல் 59 கிராம் வரை. கடினப்பந்து 156 முதல் 163 கிராம் வரை. மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆனால் பாடசாலை அணியில் பெயர் வந்த மறுநாளே பையன் கடினப்பந்தோடு வீடு வருவான். வலை மெல்லியது என்பது அவனுக்கு நினைவில் இருக்காது. டெனிஸ் பந்து பட்டால் தப்பிக்கும் அஸ்பெஸ்டஸ் சீற், கடினப்பந்தின் முதல் அடியிலேயே கீறல் விடும். ஆகவே முதலிலேயே கடினப்பந்துக்குக் கட்டுங்கள்.

கடற்கரையில் பழைய மீன் வலை சும்மா கிடைக்கிறதே, அதைக் கட்டினால் என்ன?

திருகோணமலையில் இதைக் கேட்காதவர் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான். பதில் எந்த வலை என்பதைப் பொறுத்தது.

தங்கூசி வலையை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். மீன்பிடிக்கே தடை செய்யப்பட்ட பொருள் அது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை என்பதால் வௌவாலும் ஆந்தையும் சிக்கிச் சாகும். ஓடி விளையாடும் குழந்தையின் கழுத்திலும் அது அறுக்கும்.

முறுக்கு நூலில் பின்னிய நைலோன் வலை வேறு சாதி. பலம் உண்டு. ஆனால் நைலோன் தண்ணீரை உறிஞ்சும். மழையில் கனத்துத் தொய்யும், வெயிலில் காய்ந்து சுருங்கும். கடலுக்குள் கிடக்கும்போது அதைக் கொல்லாத சூரியன், உங்கள் முற்றத்தில் நாள் முழுக்க நின்று கொல்லும். கைவிட்ட நைலோன் வலையைக் கட்டியவர்கள் ஒரு வருடத்துக்குள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இழையை இரண்டு விரலால் பிடித்துச் சுண்டினால் பொடிப்பொடியாக உதிரும்.

பயிற்சி வலைக்கு ஏற்றது பொலிஎதிலீன் நூல். தண்ணீரை உறிஞ்சாது, உப்பைப் பொருட்படுத்தாது. கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். அந்தக் கரிநிறம் வெயிலிலிருந்து நூலைக் காக்கும். கடைக்காரர் எதைக் காட்டி எதைச் சொன்னாலும் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு துண்டு நூலை வெட்டி, இழைகளைப் பிரித்து, ஒரு குவளைத் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றுக் குமிழ்களைப் பிசைந்து வெளியேற்றிவிட்டுக் கையை எடுங்கள். பொலிஎதிலீன் மிதக்கும், நைலோன் அமிழும். என் அப்பா எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் இது ஒன்று. நூலின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலையின் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இரண்டு அங்குலச் சதுரக் கண். கடினப்பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 2.8 அங்குலம், டெனிஸ் பந்து அதைவிடக் கொஞ்சம் சிறியது. இரண்டும் நுழையா.

ஏமாறும் இடம் வேறு. மீன் வலைக் கடையில் கண்ணை இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அளப்பார்கள். அங்கே "நாலு அங்குலக் கண்" என்பதைச் சதுரமாக விரித்தால் பக்கத்துக்கு இரண்டு அங்குலம். விளையாட்டுப் பொருள் கடையில் சொல்வது சதுரத்தின் ஒரு பக்கத்தை. ஆகவே மீன் வலைக் கடையில் "இரண்டு அங்குலம்" என்று கேட்டுவிட்டு, ஓர் அங்குலக் கண்ணை வாங்கி வந்து, ஏன் இவ்வளவு விலை, ஏன் இவ்வளவு கனம், காற்று ஏன் இப்படித் தள்ளுகிறது என்று திகைப்பவர்கள் உண்டு. கேட்கும்போதே "விரித்தா, இழுத்தா?" என்று தெளிவாகக் கேளுங்கள்.

இன்னொன்று: சாய்சதுரமாகத் தொங்கும் கண் வேண்டாம். அது தன் கனத்தாலேயே கீழே இழுபட்டு, பக்கவாட்டில் ஒடுங்கிவிடும். மூன்று மாதத்தில் இரண்டு கம்பத்துக்கு இடையே கதவளவு வாசல் திறந்திருக்கும்.

எவ்வளவு வலை வாங்க வேண்டும்?

30 × 12 × 12 கூட்டுக்குப் பக்கங்கள் இரண்டும் 720 சதுர அடி, பின்பக்கம் 144, மேற்புறம் 360. கூட்டினால் 1,224. தொய்வுக்குப் பத்து வீதம் சேர்த்தால் 1,350 சதுர அடி. அந்தப் பத்து வீதத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அடுத்த பதிலைப் படிக்கவும்.

வலையை நன்றாக இழுத்துக் கட்டினால்தானே அழகு?

அழகுதான். என் முதல் வலையை நான் வீணைத் தந்தி போல இறுக்கினேன். தட்டினால் ஓசை வரும் அளவுக்கு. அன்று மாலை அக்காவின் மகன் அடிக்கத் தவறிய பந்து பின் வலையில் பட்டுத் திரும்பி வந்து, குனிந்திருந்தவனின் புருவத்தைப் பிளந்தது. மூன்று தையல். அக்கா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

வலை பந்தைத் தடுக்கப் பிறந்த சுவர் அல்ல என்பது வலைக்காரன் மகனான எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மீன் வலை மீனைப் பிடிப்பதே தொய்வால்தான். பந்துக்கும் அதுதான் கதி. தொய்வான வலைக்குள் பந்து போய், வேகத்தைக் கொடுத்துவிட்டு, செத்து விழ வேண்டும். கீழே ஓர் அடி வலை தரையில் கிடக்கட்டும். பக்கவாட்டிலும் நான் சொன்ன பத்து வீதத் தளர்வு இருக்கட்டும். பின் வலைக்கு இரண்டு அடி முன்னால் பழைய தறப்பாளையோ தேய்ந்த தும்புப் பாயையோ மேற்கம்பியிலிருந்து தனியாகத் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. விக்கெட் காப்பாளர் இல்லாத குறையை அது தீர்க்கும், பின் வலையின் ஆயுளையும் இரட்டிப்பாக்கும்.

தொய்வுள்ள வலை பந்து படும்போது வெளிப்பக்கம் இரண்டு மூன்று அடி உப்பும். ஆகவே வலையில் முகத்தை வைத்து வேடிக்கை பார்க்கும் சின்னப் பிள்ளைகளை அங்கே நிற்க விடாதீர்கள். கம்பங்கள் எப்போதும் வலைக்கு வெளியே, ஓர் அடி தள்ளியே நிற்க வேண்டும்.

கம்பத்துக்கு எது நல்லது? தென்னை மரத்திலேயே கட்டலாமா?

தென்னை காற்றில் ஆடும். ஆடுகிற மரம் கம்பியை அறுக்கும், இல்லையென்றால் கம்பி மரத்தை அறுக்கும். தேங்காய் விழுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரண்டு அங்குல ஜீ.ஐ. குழாய் போதும். இங்கே எதிரி உப்புக்காற்று. அது முதலில் கடிப்பது வெல்டிங் செய்த மூட்டுகளை, ஏனென்றால் அங்கே துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும். மூட்டுகளைக் குறையுங்கள். தவிர்க்க முடியாதவற்றுக்குத் துத்தநாகப் பூச்சு அடித்து, ஆண்டுக்கு ஒரு முறை சுரண்டிப் பாருங்கள்.

நான் கம்பத்தை நேரே கொங்கிறீட்டில் புதைப்பதில்லை. இரண்டரை அங்குலக் குழாயில் மூன்று அடித் துண்டு வெட்டி, அதை உறை போலக் கொங்கிறீட்டில் நிறுத்திவிடுவேன். இரண்டு அங்குலக் கம்பம் அதற்குள் இறங்கி நிற்கும். ஆப்பு வைத்து இறுக்கினால் அசையாது. வேண்டாதபோது தூக்கி எடுத்துவிடலாம். சாம்பல்தீவு, நிலாவெளி போன்ற மணல் தரையில் குழி மூன்று அடிக்குக் குறையக் கூடாது. மூலைக் கம்பங்களுக்கு இழுகம்பியும் வேண்டும். உவர்மலையில் பாறை இடிக்கும். அங்கே ஆழம் கிடைக்காத இடத்தில் அகலமான அடித்தளம் போடுவோம்.

ஒரு சின்ன விடயம், பெரிய தொல்லை: குழாய்களின் மேல் வாயையும், கம்பம் எடுத்த உறையின் வாயையும் மூடி போட்டு அடையுங்கள். திறந்த குழாய்க்குள் மழைத்தண்ணீர் நிற்கும், டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கும்போது கிரிக்கெட் பற்றிப் பேசிப் பயனில்லை.

மாரி காலத்தில் வலையை என்ன செய்வது?

கழற்றுங்கள். இவ்வளவு நேரம் உறை, ஆப்பு என்று பேசியது இதற்காகத்தான்.

ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. அதிலும் நவம்பரும் டிசம்பரும் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் மாதங்கள். 1964 டிசம்பர் சூறாவளி இந்த ஊரை என்ன செய்தது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். வலையில் ஓட்டைதானே நிறைய, காற்று போய்விடும் என்று நினைப்பது தவறு. 1,350 சதுர அடி நூலும் முடிச்சும் நனைந்து நின்றால், காற்றுக்கு அது படகுப் பாய். கம்பம் வளையும், வளைந்த கம்பம் அடுத்த வீட்டுக் கூரையில் விழும்.

அதனால் மேல் கம்பியில் வலையை நேரடியாகக் கட்டாமல், ஓர் அடிக்கு ஒன்றாக வளையமோ கொழுக்கியோ போட்டுத் தொங்கவிடுங்கள். திரைச்சீலை போல ஒரு மூலைக்கு இழுத்துக் கட்டலாம், மொத்தமாகக் கழற்றவும் செய்யலாம். இரண்டு பேர், அரை மணி நேரம். நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள். தறப்பாளால் மூடித் தரையில் போட்டால் மடிப்பில் தண்ணீர் தேங்கும், மறுபடியும் நுளம்பு.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை அடிக்கும் கச்சான் காற்று வலையை விழுத்தாது. வலையைச் சதா ஆட்டிக் கம்பியில் தேய வைக்கும். அந்த மாதங்களில் மேல் வரிசைக் கண்களை வாரம் ஒரு தடவை பார்த்து, அறுந்த ஒன்றை அன்றே பொத்திவிடுங்கள். ஒன்றை விட்டால் மாத முடிவில் ஒன்பது.

இரவில் மான்கள் வருகின்றனவே?

இந்த நகரின் தெருக்களில் புள்ளிமான்கள் உலாவுவது வெளியூராருக்குப் படம் எடுக்கும் காட்சி. நமக்கு வாழைக்கன்று போன கவலை. வலை கட்டியவருக்கு வேறு கவலையும் உண்டு: கலைமானின் கொம்பு வலையில் மாட்டினால் அது மிரண்டு சுழலும், சுழலச் சுழல நூல் இறுகும், கழுத்து முறிந்தும் சாகலாம்.

கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் இருப்பவர்கள் ஒவ்வொரு மாலையும் விளையாட்டு முடிந்ததும் பக்க வலைகளை ஏழு அடி உயரத்துக்குச் சுருட்டிக் கட்டுங்கள். பின்னங்காலில் எழும்பி இலை கடிக்கும் பிராணி, ஆகவே ஐந்தடி போதாது. மதிலும் படலையும் சரியாக உள்ள வளவென்றால் அச்சம் குறைவு. ஒன்று சிக்கிவிட்டால் தனியாகக் கிட்டப் போகாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வலையை வெட்ட வேண்டி வந்தால் தயங்காமல் வெட்டுங்கள், நான் வந்து ஒட்டித் தருகிறேன்.

பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்களா?

கேட்காமல் கட்டினால் வருவார்கள். வலையைப் பற்றி நீங்கள் முதலில் பேச வேண்டியது என்னோடு அல்ல, பக்கத்து வளவு அக்காவோடு. குழாய் வந்திறங்குவதற்கு முன்பே போய், எந்த இடத்தில் நிற்கப் போகிறது, எத்தனை மணிவரை பந்து ஓசை கேட்கும் என்று சொல்லிவிடுங்கள். பந்து விழுவதைவிட ஓசையே அதிகம் புண்படுத்துகிறது என்பது என் அனுபவம். பகல் சோறு உண்டு கண்ணயரும் நேரத்தில் தகர வேலியில் "டொக், டொக்" என்று கேட்டால் எந்த நல்ல மனிதரும் கெட்டவராவார். கூட்டை மதிலிலிருந்து மூன்று அடியாவது தள்ளி வையுங்கள். உப்பும் வலை மதிலில் மோதாது, நடந்து போய்ப் பந்து எடுக்கவும் வழி இருக்கும். மேற்புற வலை கட்டாயம். காசு போதாவிட்டால் கூட்டின் நீளத்தைக் குறையுங்கள், கூரையை நீக்காதீர்கள்.

சட்டம் கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. இங்கிலாந்தில் மைதானத்துக்கு வெளியே வீதியில் நின்ற ஒரு பெண்மீது கிரிக்கெட் பந்து விழுந்த வழக்கில், 1951இல் அந்நாட்டின் அன்றைய அதியுயர் நீதிமன்றமான பிரபுக்கள் சபை கிரிக்கெட் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. முப்பது ஆண்டுகளில் ஆறு முறை அளவில்தான் பந்து வெளியே போயிருந்தது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம். உங்கள் மகன் ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஆறையும் அடித்து முடிப்பான். அந்தத் தீர்ப்பை நம்பி இருக்க வேண்டாம். இங்கே அயலவர் தகராறுகளுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே போய் நிற்பதைவிட உடைந்த ஓட்டுக்கு அன்றே காசு கொடுத்துவிடுவது மலிவு.

அனுமதி எடுக்க வேண்டுமா?

கழற்றி எடுக்கும் கம்பமும் வலையும் ஒன்று, சுவர் எழுப்பிக் கூரை போட்டுக் கட்டும் பயிற்சிக் கூடம் வேறு. நிரந்தரமாக எதையாவது எழுப்புவதானால் உங்கள் உள்ளூராட்சி சபையில் முதலில் விசாரியுங்கள். கடலோரக் காணிக்காரருக்கு இன்னொரு படியும் உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுமானம் செய்வதானால் கரையோரத் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஊரில் இந்த 300 மீற்றர் பலருடைய வீட்டு வாசலைத் தொடுகிறது.

வளவின் மேலே மின்கம்பி போகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பதினைந்து அடி இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தும்போது அதன் நுனி எங்கே போகிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் நான் வேலை எடுப்பதில்லை. இடி மின்னல் தொடங்கினாலும் கூட்டை விட்டு வீட்டுக்குள் போங்கள். சித்திரையில் பிற்பகல் வானம் திடீரென இருளும்.

தரைக்கு என்ன போடலாம்?

மணலில் பந்து எழும்பாது. களிமண் பரப்பி உருளை போட்டுக் காப்பாற்ற வீட்டில் யாருக்கும் நேரமில்லை. கொங்கிறீட் பட்டியும் அதன்மேல் தும்புப் பாயும் இந்த நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் பழகிய முறை. 66 அடிக்கும் போடத் தேவையில்லை. பந்து குத்தும் முனையில் 30 அடி நீளம், 8 அடி அகலம், 4 அங்குலத் தடிப்புப் போதும். பாயை நான்கு பக்கமும் இழுத்துக் கொழுக்கியில் மாட்டுங்கள். வலைக்குத் தொய்வு, பாய்க்கு இறுக்கம்; மாற்றிச் செய்தால் இரண்டும் கெடும். சுருக்கம் விழுந்த பாயில் பட்ட பந்து எந்தப் பக்கம் போகும் என்று எறிந்தவருக்கே தெரியாது. விளையாடி முடிந்ததும் பாயைச் சுருட்டி உள்ளே எடுங்கள்.

எந்தத் திசையில் வைப்பது?

வடக்குத் தெற்காக. பாடசாலை விட்டு வந்து விளையாடும் நேரத்தில் மேற்கே சூரியன் தாழ நிற்கும்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஒரு வலை கட்ட விரும்புகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

நூலும் குழாயும் எளிது, ஆட்கள்தான் கடினம். காணி யாருடையது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் காணிக்காரர் தொலைபேசியில் "கட்டுங்கோ தம்பி" என்றார் என்பதை நம்பி நிரந்தரக் கொங்கிறீட் போட்ட இடத்தில், அடுத்த வருடம் வீடு கட்ட அவரே வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். கழற்றும் கம்பமாக இருந்தால் அன்று மாலையே வேறு வளவுக்குப் போயிருக்கலாம்.

மாரிக்கு முன் வலையைக் கழற்றும் பொறுப்பு ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும். "எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்ற ஒழுங்கைகளில் வலை கார்த்திகை மழையில் தொங்கிக்கொண்டிருக்கும். பெண் பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் பெரிய பையன்கள் விளக்கு வைக்கும் வரை இடம் கொடுக்க மாட்டார்கள். ஒரு கூட்டில் ஒரே நேரத்தில் ஒரு பந்துதான் வீசப்பட வேண்டும், கடினப்பந்தென்றால் தலைக்கவசம் இல்லாமல் யாரும் துடுப்பெடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் பலகையில் எழுதி மாட்டுங்கள்.

மேல் வலையில் பந்து தங்கிவிட்டால்?

நீளமான கொக்கத்தடியால் கீழிருந்து தட்டி விளிம்புக்கு உருட்டுங்கள். யாரையும் கம்பத்தில் ஏற விடாதீர்கள். காகம் தூக்கிப் போன பந்துக்கு நான் பொறுப்பில்லை.